நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் தையல்

மலைப்பயணச் சவால் அமைப்பின் மதிப்பீட்டுக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

மார்ச் 14ஆம் தேதி காலை பதினொன்றரை மணிக்குப் பதிவுத் தபாலில் எனக்கு வந்து சேர்ந்த தங்கள் கடிதம், என் மகளையும் அவளுடைய மூன்று கூட்டாளிகளையும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்கிறது. அந்தச் சொல் கடிதத்தில் எங்கும் இல்லை. "விதி ஏழுக்கு மாறாக வெளியாள் உதவி பெறப்பட்டதாகக் கருதப்படுவதால் சான்றிதழ் வழங்க இயலாது" என்றுதான் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என்றாலும் மரியாதையாக எழுதப்பட்ட ஒரு வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். தீர விசாரிக்காமல், நால்வரில் ஒருவரைக்கூட அழைத்துக் கேட்காமல், அந்தத் தையலை அங்குலம் அங்குலமாகப் பார்க்காமல் இந்த முடிவு எடுக்கப்பட்டது. இதுவே என் குற்றச்சாட்டு.

தங்கள் மதிப்பீட்டாளரின் அறிக்கை அந்த வெளியாள் நான்தான் என்கிறது. ஜனவரி 11ஆம் தேதி பிற்பகல் 2.40 மணிக்கு, தார்ப்பாய் நிறுவனத்தின் பெயர் எழுதிய வேன் ஒன்று மலைச் சாலையில் நின்றதை எதிர்மேட்டிலிருந்து பார்த்ததாக எழுதியிருக்கிறார். மாலை ஐந்து மணிக்குக் கூடாரத்தை அடைந்தபோது, அதன் பக்கச் சுவரில் கிழிசல் ஒன்று "தொழிலாளியின் கைத்திறனோடு" தைக்கப்பட்டிருந்ததாகவும் எழுதியிருக்கிறார். குழுவில் ஒரு பெண்ணின் தகப்பன் தார்ப்பாய் தைப்பவன். இரண்டையும் கூட்டினால் யாருக்கும் இந்த விடைதான் வரும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த வேன் என்னுடையது. அதற்குள் நான் இருந்தேன். அன்று மலைமேல் உள்ள மர அறுவை ஆலைக்கு மழைமூடி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் (ஒப்படைப்புச் சீட்டு, இணைப்பு 1). கீழே இறங்க இரண்டு சாலைகள் உண்டு. குறுக்குச் சாலையை விட்டுச் சுற்றுச் சாலையில் வந்ததற்குக் காரணம், பிள்ளைகள் நடக்கும் பாதை அங்கிருந்து தெரியும் என்பது மட்டுமே. குடும்பத்தினர் பாதையருகே வருவதைத் தவிர்க்க வேண்டும் என்று விதி பதினொன்று கேட்டுக்கொள்கிறது. அதை மீறியவன் நான். அதற்கான தண்டனை எதுவானாலும் என் பெயருக்கு எழுதுங்கள்.

இனி, தாங்கள் யாரைப் பற்றி முடிவெடுத்தீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் மகளுக்குப் பதினேழு வயது. பட்டறையின் மேல்மாடியில் பிறந்து வளர்ந்தவள். தார்ப்பாயில் நான் சுண்ணக்கட்டியால் போடும் அளவுக் கோடுகளில்தான் எண்களைப் படித்தாள். ஒன்பது வயதில் தடித்த ஊசி ஒன்று அவள் விரலில் ஏறியது. "செத்தாலும் இனிமே ஊசியத் தொட மாட்டேன்" என்றாள். அந்தச் சொல்லை எட்டு ஆண்டுகள் காப்பாற்றினாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பட்டறையில் துணிக்குவியல் மேல் ஏறி உட்கார்ந்து பாடம் எழுதுவாள். எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேலைக்கு மட்டும் வர மாட்டாள்.

எதையும் எழுதி வைப்பாள். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து தொற்றியது. ஒரு காகிதத்தைத் தொலைத்ததால் நான் ஒருமுறை வேலைசெய்த இடத்தையே இழந்தவன். அன்றுமுதல் பேருந்துச் சீட்டைக்கூடக் கிழித்துப் போட்டதில்லை. ஆனால் அவளிடம் இந்தப் பழக்கம் பயமாக முளைத்தது. எழுதி வைக்காத இடத்துக்குப் போக மாட்டாள். ஆறாம் வகுப்புச் சுற்றுலாவில் போகும் இடத்தைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்கள் என்பதற்காக நாள் முழுவதும் பேருந்தைவிட்டு இறங்காமலே இருந்தாள். அவளுடைய அம்மா மருந்துக் கடையில் ரசீது போடுகிறவள். ஆறு மணிக்கு வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வர ஏழு நிமிடம் தாமதமானாலும் இவள் வாசலில் வந்து நிற்பாள்.

இப்படிப்பட்டவள் நீரியல் படிக்க வேண்டும் என்றாள். மழை எங்கே விழுந்து எங்கே போகிறது என்று கணக்கிடும் படிப்பு. அதைச் சொல்லிக்கொடுக்கும் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: களப்பயண அனுபவம், சான்றுடன். அந்தக் கட்டம் நிரம்பியவர்களைத்தான் நேர்முகத்துக்கு அழைக்கிறார்கள். விண்ணப்பத்தின் கடைசி நாள் ஏப்ரல் 30. பள்ளியின் வழிகாட்டு ஆசிரியைதான் தங்கள் சவாலைப் பற்றிச் சொன்னார். நான்கு மாணவர் ஒரு குழு. நான்கு நாள். வரைபடமும் திசைகாட்டியும் மட்டும். சுமையைத் தாங்களே தூக்க வேண்டும், தாங்களே சமைக்க வேண்டும், வழி தவறினால் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். நான் அதை ஒரு காகிதமாகத்தான் பார்த்தேன். வாங்கிக் கோப்பில் சேர்க்க வேண்டிய இன்னொரு காகிதம்.

பயிற்சிக்காக அவள் பன்னிரண்டு கிலோ இரும்பு வளையங்களைப் பையில் கட்டிக்கொண்டு எங்கள் கட்டடத்தின் நான்கு மாடிகளையும் தினம் இருபது தடவை ஏறி இறங்கினாள். தண்ணீர்க் கேன் போடுபவர் வழிமறித்து, "பாப்பா, சும்மாதானே ஏறுற? போற வழியில மூணாவது மாடிக்கு ஒரு கேன எடுத்துட்டுப் போயேன்" என்றார்.

"சும்மா இல்லண்ணே, இதுல பன்னெண்டு கிலோ இருக்கு."

"அப்போ இன்னொரு இருபது கிலோ தெரியவா போகுது?"

அவள் வாங்கிக்கொண்டாள். மூன்று மாதம் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் அவள்தான் கொண்டுபோனாள்.

அவளுடைய குழுவில் உள்ளவர்களுக்குப் பெற்றோர் வைத்த பெயர்கள் தங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. அவர்களுக்குள் வேறு பெயர்கள். இரண்டு நிமிடம் வாயை மூடத் தெரியாத பையன் ரேடியோ. நெடுநெடுவென வளர்ந்த, இடக்கைப் பழக்கமுள்ள பெண் கம்பம். முதலுதவிப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே தூங்கும் சிறிய பையன் டாக்டர். என் மகளுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர்.

ஜனவரி 11. பயணத்தின் மூன்றாம் நாள். சுற்றுச் சாலையின் வளைவில் நான் வேனை நிறுத்தியபோது மணி 2.15. மழை சாய்வாக அடித்தது. எதிரே, பள்ளத்துக்கு அப்பால், புல்மேட்டில் நான்கு மஞ்சள் மழைக்கோட்டுகள். அவர்களுடைய கூடாரம் பக்கச் சுவரில் குறுக்காகக் கிழிந்து கொடிபோல் படபடத்துக்கொண்டிருந்தது. அது தங்கள் அமைப்பு இரவலாகக் கொடுத்த கூடாரம். அதன் நூல் இற்றுப்போயிருந்ததைப் பின்னால் கையால் தொட்டே தெரிந்துகொண்டேன். கூரை இல்லாமல் மலையில் தங்க விதி அனுமதிக்காது. அவசரப் பொத்தானை அழுத்த வேண்டும். ஆட்கள் வந்து இறக்கிவிடுவார்கள். பயணம் அத்தோடு முடியும்.

வேனின் பின்புறம் மெழுகு நூல் மூன்று கண்டு இருந்தது. ஊசி இருந்தது. உள்ளங்கையில் மாட்டும் தோல் இருந்தது. எனக்கு அரை மணி நேர வேலை. நான் கதவைத் திறந்தேன். ஒரு காலைத் தரையில் வைத்தேன். இதையும் மறைக்க விரும்பவில்லை.

அப்போது காற்று எதையோ கொண்டுவந்தது. அழுகிறார்கள் என்று நினைத்தேன். உற்றுக் கேட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்கள். காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிறகு நாற்பது நிமிடம் நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்தக் கடிதத்தை ஏழு தடவை மாற்றி எழுதினேன். நான்கு மூட்டைகளையும் காற்றுக்கு எதிரே சுவராக அடுக்கினார்கள். கூடாரத் துணியைத் தரையில் விரித்தார்கள். இருவர் துணியின் மேல் குப்புறப் படுத்துத் தங்கள் உடம்பின் கனத்தால் அதை இழுத்துப் பிடித்தார்கள். ஒருவர் மண்டியிட்டுத் தைத்தார். தைத்தவரின் விரல்கள் விறைத்ததும் எழுந்தார். நான்காமவர் தன் மழைக்கோட்டைத் திறந்து, அந்தக் கைகளைத் தன் இரண்டு கக்கத்திலும் வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்தவர் ஊசியை எடுத்தார். யாரும் யாரையும் அதட்டவில்லை. யார் எப்போது மாறுவது என்று அவர்களுக்குள் ஏதோ ஓர் ஒழுங்கு ஓடியது. முப்பது ஆண்டுகளாக ஆட்களை வைத்து வேலை வாங்குகிறேன். என் பட்டறையில் ஒருநாள்கூட இப்படி ஒரு வேலை நடந்ததில்லை.

முதலில் ஊசி பிடித்து மண்டியிட்டது என் மகள். தூரத்திலிருந்தும் அந்தக் குனிவு எனக்குத் தெரியும். எட்டு ஆண்டுகள் ஊசியைத் தொடாதவள். மூன்று மணிக்கு வண்டியைக் கிளப்பினேன், இன்னும் நின்றால் இறங்கிவிடுவேன் என்பதால். 3.35 மணிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளிச் சுங்கச்சாவடியைக் கடந்தேன் (சீட்டு, இணைப்பு 2).

வீட்டில் யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. மார்ச் 14 அன்று தங்கள் கடிதத்தை அவள் எனக்கு முன்னால் படித்தாள்.

"நீ அங்க வந்தியாப்பா?"

"வந்தேம்மா. இறங்கல."

"இறங்கலேன்னு யாருக்குத் தெரியும்? நானே இப்பதான் கேக்குறேன். நாங்க நாலு பேரும் பண்ணுனத நீ வந்து நின்னே கெடுத்துட்ட."

என் மனைவி இடையில் வந்தாள். "அவர் உன் மேல உள்ள அக்கறையில..."

"அம்மா, எனக்கு அக்கறை வேணாம். எனக்கு அந்த நாலு நாள் வேணும்."

மறுநாள் வழிகாட்டு ஆசிரியை எங்களை அழைத்தார். நல்லவர். உதவ நினைத்தவர். மலையடிவார விடுதி ஒன்றில் இரண்டு நாள் முகாம் இருக்கிறது, வெளிப்புறச் சவால் என்றுதான் சான்றிதழ் தருவார்கள் என்றார்.

"தங்குறதுக்கு ஏசி ரூம். கயிறு கட்டி ஒரு சுவர் ஏறணும், அவ்வளவுதான். சர்டிபிகேட் அன்னைக்கே கையில."

"ஏறலேன்னா மிஸ்?"

"ஏறலேன்னாலும் கொடுப்பாங்கம்மா."

"அப்போ வேணாம் மிஸ். அந்தக் கட்டத்த காலியாவே அனுப்பிடுறேன்."

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் சொன்னதை அன்றே குறித்து வைத்தேன். எதிரில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்ததால் சத்தமாகத்தான் பேசினாள். "அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாம ஒரு மேடு ஏறுனோம்ப்பா. வரைபடத்துல இருந்த ஓடைய காணோம். நான் எழுதி வெச்சது எதுவும் உதவல. எனக்குப் பயமே வரல, தெரியுமா? பயப்பட நேரமில்ல." கொஞ்சம் கழித்து, "நீ அவங்களுக்கு எழுது. ஆனா என்ன பாவம்னு எழுதாத. நீ வந்தத மறைக்காத" என்றாள்.

அந்த இரண்டு கட்டளைகளின்படியே எழுதுகிறேன்.

மார்ச் 21 அன்று முன் அனுமதி பெற்றுத் தங்கள் பொருள் கிடங்குக்குப் போனேன். கிடங்குப் பொறுப்பாளர் அம்மா சாவிக்கொத்துடன் வந்து கூடாரத்தை மேசைமேல் விரித்தார்.

"தொட்டுக்கலாம். போட்டோ எடுத்துக்கலாம். பிரிச்சு மட்டும் பாக்கக்கூடாது."

"பிரிக்க வேண்டியதில்லீங்க. படிச்சாப் போதும்."

"துணிய எங்க சார் படிப்பாங்க?" என்று சிரித்தார். அரை மணி கழித்து அவரும் என் பக்கத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு குனிந்திருந்தார்.

கிழிசலின் நீளம் நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். அதில் நான்கு கைகள் இருக்கின்றன. முதல் முப்பத்தொரு சென்டிமீட்டரில் முப்பத்தொன்பது தையல்கள். கோணல்மாணல். இரண்டு இடத்தில் ஒரே துளையில் இரண்டு முறை ஊசி போயிருக்கிறது. ஓரிடத்தில் பழுப்பாக ஒரு புள்ளி, விரலில் குத்தியிருக்க வேண்டும். அடுத்த முப்பத்தாறில் தையல்கள் எதிர்ப்பக்கம் சாய்கின்றன. இடக்கைக்காரர் தைத்தால்தான் அப்படிச் சாயும். அதற்கடுத்த நாற்பத்தெட்டு சென்டிமீட்டரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்துவிட்டேன். தொண்ணூற்றாறு தையல்கள். சென்டிமீட்டருக்கு இரண்டு, அளவுகோல் வைத்ததுபோல. தங்கள் மதிப்பீட்டாளர் "தொழிலாளியின் கைத்திறன்" என்றது இதைத்தான். அவர்மேல் தப்பில்லை. என் பட்டறையில் இரண்டு பேருக்குத்தான் இப்படி வரும், அதில் நான் ஒருவன் இல்லை. கடைசி இருபத்தேழு சென்டிமீட்டரில் நூலே வேறு. ஒவ்வொரு தையலும் தனித்தனியாக முடிச்சிடப்பட்டிருந்தது. முகர்ந்து பார்த்தேன். பொறுப்பாளர் அம்மாவிடம் நீட்டினேன்.

"என்ன சார் இது, புதினா வாசன?"

பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல். மூன்று கண்டு மெழுகு நூலை வேனில் வைத்திருக்கும் ஒருவன், பல் சுத்தம் செய்யும் நூலால் கூடாரம் தைப்பானா என்பதைக் குழு யோசிக்க வேண்டும்.

மார்ச் 23 ஞாயிற்றுக்கிழமை நால்வரையும் பட்டறைக்கு வரச் சொன்னேன். ஆளுக்கொரு துண்டுத் துணியும் ஊசியும் கொடுத்து, தனித்தனி மூலையில் உட்கார வைத்தேன்.

"அங்கிள், இது பரீட்சையா? பாஸ் ஆனா வேலை உண்டா? சம்பளம் எவ்வளவு? மதியச் சாப்பாடு நீங்களா நாங்களா?" என்றான் ரேடியோ.

"முதல்ல தைடா. அப்புறம் ஒலிபரப்பு" என்றாள் கம்பம்.

அவன் ஊசியைக் கோர்த்தான். முதல் தையல் போட்டான். பேச்சு நின்றது. இருபத்தைந்து நிமிடம் அந்தப் பையன் வாயே திறக்கவில்லை. மற்ற மூவரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவனையே பார்த்தார்கள்.

"அன்னைக்கும் இப்படித்தான் அங்கிள்" என்றான் டாக்டர் மெதுவாக. "செத்துகித்துப் போயிட்டானோன்னு நாடி புடிச்சுப் பாத்தேன்."

"இதுக்கு முன்னாடி ஊசி புடிச்சிருக்கியாப்பா?" என்று ரேடியோவைக் கேட்டேன்.

"சட்டைப் பித்தான்கூடத் தெச்சதில்ல அங்கிள். அங்க வேற வழியில்ல. இவ தெச்சத பாத்தேன், இதவிட மோசமா யாராலயும் தைக்க முடியாதுன்னு தைரியம் வந்துச்சு."

"டேய்!" என்று என் மகள் துணிச்சுருளை எறிந்தாள்.

தார்ப்பாய்க்காரன் மகளுடைய தையல்தான் நான்கிலும் மோசம். அளந்து சொல்கிறேன். நான்கு துண்டுகளையும், கூடாரத் தையலின் படங்களையும் அடுத்தடுத்து ஒட்டி இணைத்திருக்கிறேன் (இணைப்பு 3 முதல் 6 வரை). சாய்வு, இடைவெளி, முடிச்சு, எல்லாம் கைரேகைபோல் ஒத்துப்போகின்றன.

அவர்களுடைய பயணக் குறிப்பேடு தங்களிடமே இருக்கிறது. என் மகள் எழுதியது. ஜனவரி 11ஆம் தேதிப் பக்கத்தைத் தயவுசெய்து திறக்கவும். "2.05 கிழிந்தது. 2.07 இருவர் அழுதோம். 2.12 அழுகை முடிந்தது. 2.15 ரேடியோ ஜோக் சொன்னான், மட்டமான ஜோக். 2.20 கூடாரப் பையில் இருந்த ஊசி நூலால் தையல் ஆரம்பம், நான். 2.42 கம்பம். 3.05 ரேடியோ. 3.40 நூல் தீர்ந்தது. டாக்டரிடம் பல் நூல். 4.10 முடிந்தது." குறை சொல்ல முடியாத அந்த நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் 3.05க்கு மேல் தைக்கப்பட்டது. அப்போது நான் சுங்கச்சாவடியை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை நானே சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் முழுமையாகாது. கிழிசலின் இரண்டு ஓரங்களையும் கொக்கிபோல் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, மடிப்பின் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு வைத்துத்தான் தைத்திருக்கிறார்கள். மழைநீர் உள்ளே போகாமல் வழிந்துவிடும். அது தார்ப்பாய்க்காரர் மடிப்பு. ஊசி பிடித்தறியாத பிள்ளைகளுக்கு அது தெரிய நியாயமில்லை. மதிப்பீட்டாளரின் சந்தேகத்துக்கு அதுவும் காரணமாக இருந்திருக்கும். மகளைக் கேட்டேன்.

"மடிப்ப யாரும்மா சொன்னது?"

"நான்தான். தண்ணி எப்படி ஓடும்னு யோசிச்சேன். அப்புறம் நீங்க எல்லாரும் மடிக்கிறது ஞாபகம் வந்துச்சு. இத்தன வருஷம் அந்தக் குவியல் மேல உக்காந்து வேற எதப் பாத்தேன்?"

நான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் கண்ணால் எடுத்துக்கொண்டு, எட்டு ஆண்டுகள் தனக்கே தெரியாமல் வைத்திருந்து, தேவைப்பட்ட இடத்தில் வெளியே எடுத்தாள். புறப்படும்முன் ஒரு மாணவியின் தலைக்குள் இருப்பது வெளியாள் உதவியா? ஆம் என்றால், வரைபடம் படிக்கத் தெரிந்து வருவதும் வெளியாள் உதவிதான். இல்லை என்றால், இந்த நால்வர் எந்த விதியை மீறினார்கள்?

பல்கலைக்கழகங்கள் ஏன் இந்தக் கட்டத்தை விண்ணப்பத்தில் வைத்திருக்கின்றன என்று எனக்கு இவ்வளவு நாள் தெரியாது. அந்தச் சாலை வளைவில் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடத்தில் தெரிந்துகொண்டேன். பதினேழு வயதில் நான்கு பேர், பார்க்க யாருமில்லை என்று நம்பிக்கொண்டு, எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை வேறு எந்தத் தேர்வும் காட்டாது. என்னிடம் இருக்கும் எந்தக் காகிதத்திலும் அப்படிப்பட்ட ஒன்று எழுதப்பட்டதில்லை. தாங்கள் கொடுக்கக்கூடிய காகிதத்தில் அது இருக்கிறது. அதனால்தான் அதைக் கேட்கிறேன்.

சலுகை கோரவில்லை. இரக்கமும் வேண்டாம் என்பது அவள் உத்தரவு. நான் கோருவன: நால்வரையும் தனித்தனியே அழைத்துத் தங்கள் கண்முன்னே தைக்கச் சொல்லுங்கள். மதிப்பீட்டாளர் அருகில் இருக்கட்டும். கூடாரத் தையலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால், அதையும் காரணத்தோடு எழுதுங்கள். நான் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வேன். ஒத்துப்போனால், மார்ச் 14 அன்று எனக்கு வந்த கடிதத்தைத் திரும்பப் பெற்று, நால்வர் பெயருக்கும் சான்றிதழ் வழங்குங்கள். ரேடியோவுக்கும், கம்பத்துக்கும், டாக்டருக்கும் வெவ்வேறு பல்கலைக்கழகங்கள், ஆனால் கடைசி நாள் ஒன்றுதான்.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். தங்கள் கடிதத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுதி, கையொப்பமும் தேதியும் இட்டு, ஏப்ரல் 15ஆம் தேதிக்குள் என் கைக்கு வந்து சேரும்படி எழுத்துப்பூர்வமான பதிலை அனுப்பக் கோருகிறேன்.